டோட்டல் லாஸ் ஆன செடானை விற்கிறீர்களா? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில், விளிம்பு நசுங்கிய பித்தளை அண்டாவுக்கும் கீறல் விழுந்த எனாமல் தூக்குக்கும் மவுசு அதிகம். கார் விஷயத்தில் இந்த ஊர் நியாயம் அப்படியே தலைகீழாகிவிடும். ஒரு முறை பலமாக இடிபட்ட வண்டி என்று தெரிந்தால், வாங்க வந்தவர் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்துவிடுவார்.

என்னிடம் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் ஒன்று இருந்தது. திருமயம் தாண்டி ஒரு மழை இரவில் மாட்டுக்கு ஒதுங்கப்போய்ப் புளியமரத்தில் முன்பக்க இடதுமூலை போனது. மாடு தப்பித்தது, நானும் தப்பித்தேன், இன்சூரன்ஸ் கணக்கில் வண்டி மட்டும் செத்துப்போனது. அதை வைத்துக்கொண்டு சரிசெய்து மூன்று வருஷம் ஓட்டி, அப்புறம் விற்றேன். முதல் இரண்டு மாதம் ஒருவர்கூட அட்வான்ஸ் தரவில்லை. விளம்பரத்தை மாற்றி எழுதிய மூன்றாவது வாரம் வண்டி போய்விட்டது. இடையில் கற்றுக்கொண்டதுதான் இது. முதல் தடவை விற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆர்சி உயிரோடு இருக்கிறதா பாருங்கள்

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று மாநில அரசு குறித்துவிடும். சரிசெய்து சோதனையில் தேறினால் ‘ரீபில்ட்’ என்று மாறும். அந்தக் குறி வண்டி உள்ளவரை கூடவே வரும். நம் ஊர் ஆர்சியில் அப்படி ஒரு கட்டம் இல்லை. வண்டியின் சரித்திரம் இன்சூரன்ஸ் கம்பெனியின் கோப்பிலும் ஷோரூமின் சர்வீஸ் ஹிஸ்டரியிலும்தான் கிடக்கும். அதனாலேயே பலர் மறைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஷோரூமில் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் போதும், அஞ்சு நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இங்கே கணக்கு இப்படி. பழுதுபார்க்கும் செலவு, வண்டியின் ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். ஐடிவி 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் 9 லட்சத்தைத் தாண்டினால் முடிந்தது கதை. ஐடிவியும் வருஷா வருஷம் இறங்கும்: இரண்டு முதல் மூன்று வயது வண்டிக்கு 30 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து வயதுக்கு 50 சதவீதம் தேய்மானம். இதைப் புரிந்துகொண்டால் ஒரு நல்ல விஷயம் தெரியும். ஐந்து வயது ஸ்போர்ட்ஸ் செடானுக்கு இரண்டு ஏர்பேக், ஒரு எல்இடி ஹெட்லைட், ரேடியேட்டர், பம்பர் என்று ஷோரூம் விலை போட்டாலே 75 சதவீதத்தை எட்டிவிடும், சேஸிஸ் வளையாமலே. டோட்டல் லாஸ் ஆன எல்லா வண்டியும் அப்பளமாய் நொறுங்கிய வண்டி இல்லை. வாங்குபவருக்கு இதைத்தான் நீங்கள் புரியவைக்கப் போகிறீர்கள்.

கம்பெனி முழு ஐடிவி கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இடிபட்ட வண்டிக்கு ஏலத்தில் வந்த விலையைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்குக் கொடுத்து, வண்டியை உங்களிடமே விடலாம். இரண்டாவது வகையில் விட்ட வண்டிகளும், ஏலத்தில் போய் ரிப்பேராகித் திரும்பி வந்த வண்டிகளும்தான் நம் சாலைகளில் ஓடுகின்றன.

இங்கேதான் ஆர்சி விஷயம் வருகிறது. செட்டில்மென்ட்டின்போது ஆர்சி ரத்தாகியிருந்தால், அந்த வண்டி சாலைக்கு வர முடியாது. பார்ட்ஸாகத்தான் விற்க வேண்டும். வண்டி நிரந்தரமாக ஓடாத நிலைக்குப் போனால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே விளம்பரத்துக்கு முன்னால் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்று வந்தால் மேலே படியுங்கள். பேங்க் பெயர் இன்னும் ஹெச்பியில், அதாவது கடன் பதிவில், நிற்கிறதா, அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டிஎன் 63 என்றாலும் டிஎன் 55 என்றாலும் இதில் வித்தியாசம் இல்லை.

ஃபைல்தான் வண்டி

இந்த வேலையில் பாதி நேரம் இதற்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் நகரத்தார் கல்யாணத்தில் சாமான் பரப்புவார்கள். பாய் விரித்து, வெள்ளி முதல் விளக்குமாறு வரை எல்லாவற்றையும் எண்ணி அடுக்கி வைப்பார்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஊர். காருக்கு மட்டும் ஏன் வாய்ப்பேச்சோடு நிறுத்த வேண்டும்?

நான் ஒரு பெரிய ஃபைல் வாங்கி அதில் சேர்த்தவை: விபத்து நடந்த இடத்தில் எடுத்த படங்கள், சர்வேயர் ரிப்போர்ட், ஷோரூம் எஸ்டிமேட், இன்சூரன்ஸ் செட்டில்மென்ட் கடிதம், ரிப்பேர் செய்த பட்டறையின் பில், ஒவ்வொரு பார்ட்ஸுக்கும் வாங்கின ரசீது, ரிப்பேருக்கு அப்புறம் எடுத்த வீல் அலைன்மென்ட் தாள், இப்போதைய பாலிசி. படங்களில் ரொம்ப முக்கியமானது பம்பரும் ஃபெண்டரும் கழற்றிய நிலையில், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எடுத்த படம். அதில் சேஸிஸ் லெக், அதாவது இன்ஜினுக்குப் பக்கத்தில் முன்னால் நீளும் சட்டம், நேராக இருந்தால், அந்த ஒரே படம் விலையைத் தூக்கிவிடும். என் டிங்கர் அண்ணன் தன் வேலையைக் காட்ட வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த படம் எனக்குக் கிடைத்தது, புண்ணியம். இப்போது ரிப்பேர் செய்துகொண்டிருப்பவர்கள் யாராவது படித்தால், தினமும் சாயங்காலம் பட்டறைக்குப் போய் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

பில் இல்லாத பார்ட்ஸ் இருந்தால் ‘பழைய பார்ட்ஸ், பில் இல்லை’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அதையும் ஃபைலில் வையுங்கள். ஃபைலில் ஒரு ஓட்டை தெரிந்தால் வாங்குபவர் பத்து ஓட்டையைக் கற்பனை செய்வார். நீங்களே காட்டிவிட்டால் ஒன்றோடு நிற்கும்.

வண்டியை யார் வேண்டுமானாலும் நோண்டிப் பார்க்கலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு தம்பி வந்தான், கூடவே அவன் தாய்மாமா. மாமா கைலி, சட்டைப்பையில் சின்ன டார்ச். வணக்கம் சொன்னதோடு சரி, பெயிண்டைப் பார்க்கவே இல்லை. பானெட்டைத் திறந்து, ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். இடதுபக்கம் இரண்டு போல்ட்டில் பெயிண்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருந்தது. அடுத்து சஸ்பென்ஷன் டவருக்குப் பக்கத்தில் ஏப்ரன் (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் தகடு) இணையும் இடத்தில் ஓடும் சீலன்ட் கோட்டை நகத்தால் அழுத்தினார். வலதுபக்கம் மெஷின் போட்ட கோடு, ஒரே சீராக. இடதுபக்கம் பிரஷ்ஷால் இழுத்தது, ஓரிடத்தில் திட்டு. நிமிர்ந்தார்.

“ஏப்ரன் மாத்திருக்கீக.”

“ஆமாண்ணே. பில்லு அஞ்சாவது தாள்ல இருக்கு. வெட்டுன இடத்துப் படம் அதுக்குப் பின்னாடி.”

அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம், “சரி, ஓட்டிப் பாருடா” என்றார். அந்த ‘சரி’க்காகத்தான் இத்தனை தாளும்.

இந்த மாதிரி ஆள் வருவார் என்று நினைத்தே தயாராகுங்கள். ஏர்பேக் விரிந்த வண்டியா? இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ரெசிஸ்டர் வைத்துக் கணினியை ஏமாற்றும் பட்டறைகளும் உண்டு. அப்படி உங்களுக்கு யாராவது செய்து கொடுத்திருந்தால், நிஜமான ஏர்பேக் போடாமல் விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. உட்காரப்போவது யாரோ ஒருவரின் பிள்ளை.

வண்டிக் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டி எல்லா மாட்யூலையும் படித்து அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். அச்செடுக்கும் முன் பிழைக் குறியீடுகளை அழிக்காதீர்கள். அழித்தால் இன்ஜினின் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டும். விஷயம் தெரிந்தவர் அதிலேயே பிடித்துவிடுவார்.

பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் இப்போது பல பேர் கையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பட்டி பார்த்த இடத்தில் பல நூறு ஏறும். எந்தப் பேனல் திரும்பப் பெயிண்ட் ஆனது என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், மீட்டர் உங்களுக்குச் சாட்சி.

ஸ்போர்ட்ஸ் செடானுக்கென்றே ஒரு தொல்லை, ரீமேப். இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. ‘ஸ்டேஜ் ஒன்’ போட்டிருந்தால் சொல்லுங்கள், முடிந்தால் கம்பெனி சாஃப்ட்வேருக்குத் திருப்பிவிடுங்கள். சத்தமான எக்ஸாஸ்ட்டும் அப்படியே. ஆர்சியில் உள்ளதற்கும் கம்பெனி அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவது 52ஆம் பிரிவுப்படி கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கியர்பாக்ஸ் ஆறு ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய பில்லைக் கேட்பார்கள். ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற வண்டி தேடுபவர்கள் ஏசி குளிர்கிறதா என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் செம்மண். நம் ஊர்ப் புழுதி சீட் ரெயிலுக்கு அடியிலும் சீட்பெல்ட்டின் சுருண்ட அடிப்பகுதியிலும் போய் உட்கார்ந்திருக்கும். சென்னைக்காரர் யாராவது பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டி என்று முடிவு கட்டிவிடுவார். என்னிடம் ஒருவர் அப்படித்தான் முகம் சுருக்கினார். கார்ப்பெட்டைத் தூக்கிக் காய்ந்த கம்பிகளையும் துரு இல்லாத போல்ட்டுகளையும் காட்டிய பிறகுதான் நம்பினார். உள்ளே நன்றாக வேக்குவம் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

விலை

அதே வருஷம், அதே மாடல், அதே கிலோமீட்டர், இடிபடாத வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று பத்து விளம்பரம் பாருங்கள். கேட்கிற விலை வேறு, போகிற விலை வேறு. ஆகவே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நான் 30 சதவீதம் கழித்தேன். சின்ன அடிக்கு அவ்வளவு தேவையில்லை, கூரையைத் தாங்கும் பில்லரை வெட்டி ஒட்டிய வண்டிக்கு அது போதாது. ரிப்பேருக்கு நீங்கள் செலவழித்ததைக் கூட்டி விலை சொல்லாதீர்கள். அது இன்சூரன்ஸ் கொடுத்த பணத்தில் ஏற்கனவே கழிந்த கணக்கு.

விளம்பரம்

கானாடுகாத்தான் வீடு ஒன்றின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. தேக்குத் தூணும் வெள்ளைச் சுவரும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஃபோன் செய்த நாலு பேரில் இரண்டு பேர், கல்யாணத்துக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார்கள். அந்தப் படங்களை நீக்கிவிட்டு ஏப்ரன், டவர், டிக்கி அடிப்பகுதி, டயர் தேதி, ஓடோமீட்டர், சேதமான நிலை என்று போட்டேன். வேலைக்கு ஆகாதவர்கள் அதோடு விலகிக்கொண்டார்கள்.

முதல் வரியை இப்படி மாற்றினேன்: ‘முன்பக்க விபத்து, இன்சூரன்ஸ் டோட்டல் லாஸ், சரிசெய்து மூன்று வருடம் ஓடியது. ஆர்சி ஆக்டிவ், பில், படம் எல்லாம் உண்டு. விலையில் அது கழிக்கப்பட்டுள்ளது.’ கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். அதே காரணத்தைச் சொல்லி இரண்டாம் முறை பேரம் பேசுவதை அது பெரும்பாலும் அடைத்துவிடும். சேஸிஸ் எண், ஆர்சி படம், வீட்டு முகவரி ஆகியவற்றை விளம்பரத்தில் போடாதீர்கள்.

யாரிடம் போவது

கார் கன்சல்டிங்காரர்கள் உடனே எடுத்துக்கொள்வார்கள், ஆனால் மிக மலிவாக. அதைவிடப் பெரிய கவலை, உங்களிடம் டோட்டல் லாஸ் என்று தெரிந்து வாங்கியவர் அடுத்தவரிடம் ‘சிங்கிள் ஓனர், ஒரு கீறல் இல்லை’ என்று விற்றுவிடுவது. கன்சல்டிங்கில் கொடுத்தால் படிவம் 29சி வழியாக வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததைப் பதியச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரிகளுக்கு அந்த முறை வந்திருக்கிறது. பதிய மாட்டேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இந்த வகை வண்டிக்குச் சரியான ஆள் ஆர்வலர்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் டிராக்கில் ஓட்டிப் பார்க்க மலிவாக ஒரு வேகமான வண்டி தேடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏப்ரன் மாற்றியதைவிட டர்போ நன்றாக இருப்பதுதான் பெரிது. மாடல் வாரியாக இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் விசாரியுங்கள்.

ஒரு வகை ஆளிடம் மட்டும் ஜாக்கிரதை. வண்டியைப் பார்க்காமலே, “ஆர்சி ஒரிஜினல் இருக்கா? சேஸிஸ் நம்பர் பிளேட் நல்லா இருக்கா?” என்று கேட்பார். நல்ல விலையும் சொல்வார். திருட்டு வண்டிக்கு இடிபட்ட வண்டியின் எண்களைக் குத்தி ஓட்டும் கூட்டம் தேடுவது இதைத்தான். அந்த ஃபோனை வைத்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நீங்களே உட்காருங்கள். தேவகோட்டை ரோட்டில் நேராகப் போகும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளரவிடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இழுக்காத வண்டியைப் பற்றி நீங்கள் வேறு எதுவும் பேசத் தேவையில்லை.

பணமும் எழுத்தும்

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பேங்க் மூலமே வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு சாவி. சொந்த வண்டியைத் தனிநபராக விற்பதற்கு ஜிஎஸ்டி இல்லை.

விற்பனைக் கடிதத்தில் சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஓடோமீட்டர், விலை, நாள், மணி எல்லாம் வேண்டும். அதோடு இந்த வரி: ‘இந்த வண்டி விபத்தில் டோட்டல் லாஸ் என்று தீர்க்கப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டது என்பதை அறிந்தே வாங்குகிறேன்; ரிப்பேர் பில்களும் படங்களும் பெற்றுக்கொண்டேன்.’ அவர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து, இரண்டு சாட்சி. தெரிந்த குறையைத் திட்டமிட்டு மூடி மறைப்பது ஒப்பந்தச் சட்டத்தில் மோசடிக் கணக்கில் வரும், விற்பனையே ரத்தாகலாம். இந்த ஒரு வரி இருந்தால் ஆறு மாதம் கழித்து யாரும் உங்கள் வாசலில் வந்து நிற்க முடியாது.

வாங்குபவர் இன்சூரன்ஸ் பற்றியும் கேட்பார். டோட்டல் லாஸ் தீர்ந்த வண்டிக்குச் சில கம்பெனிகள் முழுக் காப்பீடு தரத் தயங்கும், தந்தாலும் நேரில் பார்த்துத்தான் தரும். உங்கள் பாலிசி நகலைக் கொடுத்து, அதே கம்பெனியில் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நோ கிளெய்ம் போனஸ் ஏதாவது சேர்ந்திருந்தால் அது உங்களுடையது, வண்டியோடு போகாது.

பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதுதான்

படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. கடன் இருந்தால் படிவம் 35ம் பேங்க் என்ஓசியும். வெளிமாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28இல் ஆர்டிஓ என்ஓசி. தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் நம் ஊர் வழக்கம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், வண்டி நாலு கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. ஆகவே பெயர் மாற்றத்தை நீங்களே பரிவாகன் தளத்தில் ஆரம்பித்து, ஓடிபி சொல்லி முடித்துவிடுங்கள்.

ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடுங்கள். நான் மறந்துவிட்டேன். மதுரைத் தம்பி வண்டியை எடுத்துப்போன மூன்றாம் நாள், காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சுங்கச்சாவடியில் பணம் கழிந்ததாக எனக்கு மெசேஜ் வந்தது. ஃபோன் போட்டேன். “திருச்சி போறேண்ணே, வண்டி சூப்பரா போகுது” என்றான். டோல் காசை ஜிபேயில் அனுப்பிவைத்தான். சாயங்காலமே ஃபாஸ்டேக்கை மூடினேன். இருபத்திரண்டாம் நாள் எம்பரிவாகனில் அவன் பெயர் வந்தது.